மகளுக்குத் தலை பின்னுவதை ஏன் மறைக்கிறீர்கள்?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 41 வயது. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமம். ஒன்பது மா சொந்த நிலம், ஆறு மா குத்தகை. அப்பா போனபிறகு தங்கையின் கல்யாணத்தை நான்தான் நடத்தினேன். அந்தக் கடனே இன்னும் முடியவில்லை. 2023 பிப்ரவரி மழையில் அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து முளைத்துவிட்டது. அதே வருடம் வாய்க்காலில் தண்ணீர் இல்லாமல் குறுவையும் காய்ந்தது. அக்டோபரில் மேட்டூரையே மூடிவிட்டார்கள். மனைவியின் 14 பவுனை அடகு வைத்திருந்தேன். மீட்க முடியாமல் ஏலம் போய்விட்டது. ஒரு வருடம் அவளிடம் சொல்லவில்லை.

மனைவி கும்பகோணத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடமாக அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அவள் காலை பஸ்ஸுக்குப் போய்விடுவதால் நான்தான் சமைத்து, மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவேன். (இந்த வரியைப் போடாதீர்கள் அம்மா, தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள்.) நகை விஷயம் தெரிந்த அன்று பெரிய சண்டை. "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கேட்டுவிட்டாள். கையைப் பிடித்துத் தள்ளினேன். கதவில் இடித்து முழங்கை வீங்கிவிட்டது. நாலு வயது மகனோடு வலங்கைமானில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மகளுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் அவள் என்னோடு இருக்கிறாள். இப்போது மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறாள். விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பங்காளி ஒருவன் என்னை ஆண்கள் உரிமைக்கான வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டான். சட்டமெல்லாம் பெண்களுக்குத்தான், அவள் கேஸ் போடுவதற்கு முன் நீ போடு, பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்கிறார்கள். நீங்களும் பெண்தான், இருந்தாலும் கேட்கிறேன். இந்த நாட்டில் ஆண்களுக்கு நியாயமே கிடையாதா? இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. ராத்திரி வயலுக்குப் போனால் திரும்பி வர வேண்டாம் என்று தோன்றுகிறது.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே அதிலிருந்த எண்ணுக்கு அழைத்து உங்களோடு பேசிவிட்டேன். அந்தக் கடைசி வரியைப் பார்த்தபிறகு பதிலை எழுதி அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தலை பின்னும் வரியைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "சரிம்மா, பேர் மட்டும் வேண்டாம்" என்றீர்கள். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். போனில் பேசியதையே மறுபடியும் எழுதுவதற்குக் காரணம், இதே நிலைமையில் இருந்துகொண்டு யாருக்கும் எழுதாமல் இருக்கிற ஆண்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

போனில் எடுத்தவுடனே, சாகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். கிளப்பாது. உள்ளே இருப்பதைச் சொல்ல ஒரு வாசல் கிடைக்கும், அவ்வளவுதான். நீங்கள் "ஆமாம்மா" என்றீர்கள். அப்புறம் பத்து நிமிடம் அழுதீர்கள். நடுவில் நான்கு முறை "மன்னிச்சிடுங்கம்மா" என்றீர்கள். நகைக்கோ, மனைவியைத் தள்ளியதற்கோ கேட்ட மன்னிப்பு இல்லை அது. அழுததற்காகக் கேட்டது. பேசி முடித்த பிறகும் அந்த நான்கு மன்னிப்பும் என் காதிலேயே இருந்தன.

வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்டேன். திண்ணைப் பரணில் இரண்டு டப்பா என்றீர்கள். அன்று மாலையே அவற்றைச் சித்தப்பா வீட்டில் கொடுத்து, "என் கையில கொடுக்காதீங்க, தெளிக்கிற அன்னிக்கு நீங்களே கூட வாங்க" என்று காரணத்தோடு சொல்லிவிட்டு வந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். கிராமத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சாக வேண்டும் என்ற அந்த வேகம் பல சமயம் சில மணி நேரத்துக்குத்தான் இருக்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லை என்றால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். காட்டுமன்னார்கோவில் பக்கம் சில கிராமங்களில் இதற்காகவே, மருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் தனித்தனிப் பூட்டுப்பெட்டியில் வைக்கும் ஏற்பாட்டை, சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகா அமைப்பு செய்து பார்த்தது. படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், உங்கள் வீட்டில் தூங்காமல் நடமாடுகிற ஓர் ஆண் இருந்தால், முதலில் பரணைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) இரவு பகல் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. சினேகாவின் எண் 044-24640050.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த டெல்டாவில் மனநல மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வரும் விவசாயிகளில் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நெஞ்சு படபடப்பு என்பார்கள், வயிற்றில் கேஸ் என்பார்கள், கைகால் மரத்துப்போகிறது என்பார்கள். இரண்டு இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, மூன்றாவதாக இங்கே அனுப்பியிருப்பார்கள். உள்ளே வந்ததும் பாதிப் பேர் கேட்பது, "டாக்டர், மேட்டூர்ல எத்தனை அடி இருக்காம்?" முதலில் எனக்குப் புரியவில்லை. பல வருடம் கேட்ட பிறகுதான் புரிந்தது, எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை நம் பக்கத்து ஆண்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். ஜூன் 12 நெருங்கும்போது டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். எட்டுப் பேரும் அணையின் நீர்மட்டத்தைப் பேசுவார்கள். எட்டுப் பேருக்கும் கைமாத்துக் கடன் இருக்கும். ஒருவர்கூட அதைப் பேசமாட்டார். அதே தெருவில் பெண்கள் குழுக் கூட்டம் நடக்கும். யாருக்கு எவ்வளவு தவணை பாக்கி, யார் வீட்டில் யார் குடிக்கிறார், யாருக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்பது வரை வெளியில் வந்துவிடும். அந்தக் குழுக்களில் குறைகள் இருக்கின்றன, தவணைக்காரர்களின் நெருக்கடியும் இருக்கிறது. ஆனாலும் ஒரு பெண் தன் கஷ்டத்தை நாலு பேர் முன் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. ஆணுக்கு நாம் வைத்திருப்பது டீக்கடையும் டாஸ்மாக்கும்தான்.

என் அப்பாவும் விவசாயிதான், குடவாசல் பக்கம். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் கரையேறிய புயலில் எங்கள் பயிர் முழுக்கப் போயிற்று. எனக்குப் பத்து வயது. இரவில் கொல்லைப்பக்கம் போனபோது மாட்டுக்கொட்டகையில் யாரோ விசும்பும் சத்தம். அப்பா, பசுவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் துண்டால் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லாதே" என்றார். நான் சொல்லவில்லை. அவர் இறந்து பல வருடம் கழித்து ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும். தெரிஞ்ச மாதிரி காட்டினா மனுஷன் உடைஞ்சிடுவார்னு சும்மா இருந்தேன்" என்றார். ஒரே வீட்டில் ஒருவர் மறைத்துக்கொண்டு அழுதிருக்கிறார், இன்னொருவர் அது தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் இடையில் நின்றது பணமோ புயலோ இல்லை. ஆம்பளை அழக்கூடாது, ஆம்பளை அழுததைப் பெண் பார்க்கவும் கூடாது என்ற ஒரு கட்டுப்பாடு. "அழுகிற ஆம்பளையையும் சிரிக்கிற பொம்பளையையும் நம்பாதே" என்று நம் ஊரில் சொல்வார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு பேர் வாயையும் அடைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

உங்கள் குழுவில் தற்கொலைக் கணக்கு ஒன்று சுற்றுகிறது என்றீர்கள். அந்தக் கணக்கு பொய் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஆண்டு இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். நூற்றில் கிட்டத்தட்ட 72 பேர் ஆண்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இதைக் கண்டு ஊரே பதறியிருக்க வேண்டும். ஆண்கள் விஷயம் என்பதாலேயே பதறவில்லை என்று உங்கள் குழு சொன்னால், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "இத்தனை ஆண்களும் மனைவிகளால் செத்தவர்கள்" என்று அடுத்த வரியில் எழுதுகிறார்களே, அது அந்த அறிக்கையில் இல்லை. ஆண் பெண் சேர்த்து அதில் கல்யாணம் சார்ந்த பிரச்சினை என்று பதிவானவை 4.8 சதவீதம். மற்ற குடும்பப் பிரச்சினைகள் 31.7, நோய் 18.4. இறந்தவர்களில் நூற்றுக்கு 26 பேர் தினக்கூலிகள். இறந்த பெண்களில் பாதிக்கு மேல் இல்லத்தரசிகள், 25,309 பேர். தினக்கூலியும் இல்லத்தரசியும் பெரும்பாலும் ஒரே வீட்டு ஆட்கள்தானே, தம்பி? ஒரே கூரையின் கீழ் நடப்பதை இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்தால் யாருக்கு லாபம்?

உங்கள் கடனையே எடுத்துக்கொள்வோம். தங்கை கல்யாணத்தை நடத்துவது அண்ணன் கடமை என்று எல்லோரும் சொன்னார்கள், நீங்களும் நம்பினீர்கள். நிலம் முழுக்க உங்கள் பெயரில் வந்ததையும் இயல்பாகத்தான் எடுத்துக்கொண்டீர்கள். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே சட்டம் திருத்தியாயிற்று. இருந்தும் இன்று வரை நம் பக்கத்தில் பெண்ணுக்குப் பவுன், பையனுக்கு நிலம் என்றுதான் நடக்கிறது. நிலம் பையனுக்கு என்று ஆனதும் நிலத்தின் கடனும் பையனுக்கு ஆகிவிடுகிறது. தங்கை தன் பங்கை இழந்தார், நீங்கள் தூக்கத்தை இழந்தீர்கள். "உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று சொல்லியே வளர்க்கப்பட்டவருக்கு, இரண்டு போகம் பொய்த்ததும் தான் ஆணே இல்லை என்று தோன்றிவிடுகிறது. உங்கள் மனைவி கோபத்தில் சொன்ன அந்த வார்த்தை உங்களை அப்படி வெட்டியதற்குக் காரணம், அதற்கு முன்பே உங்களுக்குள் நீங்களே அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவர் அப்படிக் கேட்டது தவறுதான். பெண்களும் இந்தக் கட்டையை எடுத்து அடிக்கிறார்கள், அம்மாக்கள் மகன்களை இதைச் சொல்லியே வளர்க்கிறார்கள். அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை.

ஆண்கள் உரிமை என்று பேசுகிறவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பெண்ணுக்கு மட்டும்தான் பாதுகாப்புக் கொடுக்கிறது. மனைவியிடமோ மாமனார் வீட்டிலோ அடி வாங்குகிற ஆண் சாதாரண அடிதடிப் பிரிவில்தான் புகார் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போனால் நக்கல்தான் முதலில் கிடைக்கும், இதைச் சொல்லி என் எதிரில் உட்கார்ந்து கூனிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலியல் வன்முறை என்றால், சிறுவர்களுக்கு 2012 போக்சோ சட்டம் இருக்கிறது. பதினெட்டைத் தாண்டிய ஆண் பாலியல் வன்முறைக்கு ஆளானால், 2024 ஜூலையில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கென்று ஒரு பிரிவுகூட இல்லை. அப்படிப்பட்ட புகாருக்கு இருந்த பழைய சட்டத்தின் 377-ஆவது பிரிவு போனதும் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. இது பெரிய ஓட்டை, அடைக்கத்தான் வேண்டும். தேசிய அளவில் ஆண்களுக்கு ஓர் ஆணையம் கேட்டுப் போட்ட மனுவை 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆணையம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் ஆண்களின் சாவைத் தனியாக உட்கார்ந்து யோசிக்க அரசில் ஓர் ஆள் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது.

ஆனால் இந்த ஓட்டைகள் எங்கிருந்து வந்தன? ஆண் என்றால் அடிக்கிறவன், அவனை யார் அடிப்பார்கள் என்ற எண்ணத்திலிருந்து வந்தன. ஆண் உடம்புக்கு அவமானம் நேராது என்ற எண்ணத்திலிருந்து வந்தன. பெண்கள் கூடிச் சதி செய்து கொண்டுவந்தவை இல்லை.

உங்களுக்குப் பெரிய பயமாக இருக்கிற குழந்தை விஷயத்தைப் பாருங்கள். 1956-ஆம் ஆண்டு சட்டத்தில் இந்துக் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பிறகு தாய் என்று இருக்கிறது. அதே பிரிவில், ஐந்து வயது ஆகாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதிகாரம் அப்பாவுக்கு, ஆய் கழுவுவது அம்மாவுக்கு. 1999-இல் உச்ச நீதிமன்றம் தாயும் காப்பாளராக இருக்கலாம் என்று விளக்கம் கொடுத்துப் பாதி வழி வந்தது. மீதிப் பாதியான, தகப்பனாலும் சின்னக் குழந்தையை வளர்க்க முடியும் என்பதை யார் எடுத்துச் சொல்ல வேண்டும்? வளர்த்துக் காட்டுகிற ஆண்கள்தான். நீங்கள் தினமும் காலையில் ஆறரை மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி அனுப்புகிறீர்கள். போனில் நான் கேட்டதும் நாலுகால் பின்னலுக்கும் சாதாரணப் பின்னலுக்கும் வித்தியாசம் சொன்னீர்கள். அப்போது மட்டும்தான் உங்கள் குரல் தெளிந்தது. அதையே "யாருக்கும் சொல்லாதீங்க" என்கிறீர்கள்.

உங்கள் குழுவில் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். "மானம் போயிடும்மா, பொண்டாட்டிதாசன்னு சொல்வாங்க" என்றீர்கள். தகப்பனிடம் குழந்தையைக் கொடு என்று நீதிமன்றத்தில் கேட்பவர்களும், குழந்தையைப் பார்த்துக்கொள்கிற தகப்பனைப் பார்த்துச் சிரிப்பவர்களும் ஒரே ஆட்களாக இருந்தால், அவர்கள் கேட்பது குழந்தையையா, ஜெயித்த பெயரையா? தம்பி, நாளைக்கு ஒரு நீதிபதி முன் போய் நிற்க நேர்ந்தால் உங்கள் பக்கம் பேசப்போவது அந்தப் பின்னல்தான். பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது உங்களுக்கு எதிராகப் பேசும். அதைச் செய்யவே செய்யாதீர்கள். நாலு வயதுப் பிள்ளை நடுரோட்டில் இரண்டு பக்கமும் இழுபடுவது அவன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

இனி நீங்கள் செய்ததைப் பேச வேண்டும். வருத்தமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

கையைப் பிடித்துத் தள்ளியதை "அடிக்கல, தள்ளினேன்" என்று போனில் இரண்டு முறை திருத்தினீர்கள். அவர் முழங்கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் கல்யாணமான, 18 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்களிடம் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை என்று உங்கள் குழு சொல்வது உண்மை, கேட்டிருக்க வேண்டும். ஆனால் கேட்காததால் இந்த 38 பேர் பொய் ஆகிவிடமாட்டார்கள். உங்கள் மனைவியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார், சேர்த்தது நீங்கள். அழத் தெரியாத இடத்தில் கை நீளுகிறது. கோபம் ஒன்றுதான் ஆணுக்கு அனுமதித்த உணர்ச்சி என்றால் துக்கம், பயம், வெட்கம் எல்லாம் கோபமாகத்தான் வெளியில் வரும். இதை உங்களுக்கு விளக்கமாகச் சொல்கிறேன், சாக்காகச் சொல்லவில்லை.

அப்புறம் நகை. ஏலம் போனது விவசாயத்தால் வந்த நஷ்டம். ஒரு வருடம் சொல்லாமல் இருந்தது நீங்கள் எடுத்த முடிவு. 2024 ஏப்ரலில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: மனைவியின் சீதனம் அவருடைய தனிச்சொத்து, கணவன் மனைவியின் கூட்டுச் சொத்து ஆகாது. கஷ்ட காலத்தில் கணவன் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கும் கடமை அவனுக்கு உண்டு. எப்போது, எவ்வளவு எவ்வளவாகத் திருப்புவேன் என்று நீங்கள் சொல்லத்தான் வேண்டும். கேட்டிருந்தால் அவர் கழற்றிக் கொடுத்திருப்பாரா என்று உங்களிடம் கேட்டேன். "கொடுத்திருப்பா" என்று உடனே சொன்னீர்கள். ஆக, நீங்கள் பயந்தது அவர் மறுப்பார் என்பதற்கு இல்லை. கேட்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்பதற்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களை மிருகம் என்று நினைக்கிற ஒரு பெண், ஒன்பது வயது மகளை உங்களிடம் விட்டுவிட்டுப் போகமாட்டார்.

விசாரணைக்குப் போவதைப் பற்றி. சட்ட விவரங்களை எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இப்போது நடப்பது மனு விசாரணை. மனு வந்ததற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருப்பார்கள், அது வழக்குப் பதிவு செய்யும் எஃப்.ஐ.ஆர். கிடையாது. மனைவியைக் கணவனோ அவன் வீட்டாரோ கொடுமை செய்வதைக் குற்றமாக்கி 1983-இல் வந்த 498ஏ பிரிவு இப்போது நியாய சன்ஹிதாவில் 85, 86 பிரிவுகளாக இருக்கிறது. அந்தப் பிரிவில் வழக்கே பதிவானாலும், கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக்கூடாது, கைது எதற்குத் தேவை என்று காரணம் எழுத வேண்டும், தேவை இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுத்து வரவழைக்க வேண்டும் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அந்தச் சட்டம் சில இடங்களில் தவறாகப் பயன்படுகிறது என்று 2024 டிசம்பரிலும் அதே நீதிமன்றம் எச்சரித்தது. அந்தத் தீர்ப்பைத்தான் உங்கள் குழுவில் சுற்றவிடுகிறார்கள். உங்கள் மனைவி கொடுத்த மனுவில் நகை, முழங்கை இரண்டுமே நடந்தவை. அவர் பொய் சொல்லாதபோது பொய்ப் புகார் பற்றிய தீர்ப்பு உங்களுக்கு எதற்கு?

நீங்கள் முந்திக்கொண்டு கேஸ் போட வேண்டாம். தேவைப்பட்டால் பிறகு வழி இருக்கிறது; இந்து திருமணச் சட்டத்தில் கொடுமை என்ற காரணம் கணவனுக்கும் பொருந்தும், வருமானம் இல்லாத கணவன் இடைக்கால ஜீவனாம்சம்கூடக் கேட்கலாம். இதை உங்கள் குழுவில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, கேட்பது ஆண்மைக்குக் குறைவு என்று நினைத்திருப்பார்கள். வக்கீல் வைக்கக் காசு இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் கொடுப்பார்கள், ஆண்களுக்கு வருமானத்தையோ வேறு தகுதியையோ பார்த்துக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணில் விசாரித்துக்கொள்ளலாம்.

போவதற்கு முன் எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டுறவுச் சங்கம், கைமாத்து, வட்டிக்காரர், குத்தகை பாக்கி, எதையும் விடாதீர்கள். யாருக்கும் தெரியாத கடன் ஒன்று எப்போதும் இருக்கும், அதையும் எழுதுங்கள். விசாரணையில் உங்களைப் பேசச் சொல்லும்போது அந்தத் தாளை மனைவியிடம் கொடுங்கள். "நகையை மறைத்தது தப்பு, தள்ளியது தப்பு" என்று அதிகாரி முன்னாலேயே சொல்லுங்கள். "ஆனா அவளும்" என்று அடுத்த வார்த்தை வரும், அதை அன்றைக்கு முழுங்கிவிடுங்கள். அவர் சொன்ன வார்த்தை உங்களை என்ன செய்தது என்பதை நீங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது சொல்லலாம், சொல்லவும் வேண்டும். குரல் உடைந்தால் உடையட்டும். கூட வருவதற்கு அந்தப் பங்காளி வேண்டாம், சித்தப்பாவைக் கூப்பிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியே வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தமாட்டேன். தூக்கம் வராத ராத்திரியில் அங்கேதான் யாரோ பதில் போடுகிறார்கள் என்றீர்களே, அது எனக்கும் புரிகிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் மட்டும் அதைத் திறக்காதீர்கள். பேச வேண்டும் போலிருந்தால் 14416. தூக்கத்துக்கு நான் சொன்னபடி திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் மனநலப் பிரிவில் காட்டுங்கள், உங்களுக்கு எது பக்கமோ அது. மன அழுத்த நோய்க்கு மாத்திரை வேலை செய்ய இரண்டு, மூன்று வாரம் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு குடிக்கவும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை வலங்கைமானுக்குக் கூட்டிப்போய், வாசலோடு விட்டுவிட்டுத் திரும்பிவிடுவதாகச் சொன்னீர்கள். இந்த ஞாயிறு மாமியாரிடம், "பையனை அரை மணி நேரம் பார்த்துட்டுப் போறேன் அத்தை" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சண்டை போடாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுங்கள். அதற்கடுத்த ஞாயிறும் கேளுங்கள்.